பானைக்கு அடியில் நான்கு முட்டைகள்

தரையில் உள்ளங்கையை வைத்து எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பது என் பழக்கம். தை மாதம் அந்த உடைமரத்துக்கு அடியில் வைத்தபோது நூறு எண்ணியும் கையை எடுக்கத் தோன்றவில்லை. பங்குனி பிறந்து நாலாம் நாள் அதே இடத்தில் ஒன்பது எண்ணுவதற்குள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். மரம் இல்லை. கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்குகிறவர்கள் வேலிக்கருவையை வெட்ட வந்து, இதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் நின்றது. அதிலிருந்து இரண்டடி தள்ளி, செம்மண்ணுக்குள் நான்கு ஆமை முட்டைகள் இருந்தன. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தை மாதம் அந்த ஆமை முட்டையிட்டதை நான் பார்த்தேன். முதுகு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தன. மூத்திரத்தால் மண்ணை நனைத்து, பின்கால்களால் மாற்றி மாற்றித் தோண்டி, ஒவ்வொன்றாக நான்கு இட்டது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அமுக்கி மெழுகியது. பன்னிரண்டு ஆடுகளும் சோளத்தட்டைக்குள் புகுந்துவிட்டன. அதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. அப்பா கருத்தப்பாண்டி சங்கரன்கோவிலில் தறிக்கொட்டகை வேலைக்குப் போய்விடுவார். ஆடுகளைத் தண்டவாளம் தாண்டி மேற்கே ஓட்டிப்போவது என் வேலை.

மாசியில் ஒரு நாள், வரப்பில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு அக்கா தரையில் கம்பி குத்திக்கொண்டிருந்தாள். பெயர் சுமதி. திருநெல்வேலியில் ஆராய்ச்சி படிக்கிறாளாம். கம்பியின் தலையில் சூடு காட்டும் சின்னப் பெட்டி இருந்தது.

"ஏம்மா, இங்கன ஆமை பாத்திருக்கியா? முதுகுல நட்சத்திரம் போட்டிருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே பேசினாள்.

"மூணு வருசமா இந்தக் காட்டுல நடக்கேன். பாத்ததெல்லாம் பொட்டையா இருக்கு. உறுதியா இன்னும் சொல்ல முடியல. ஆனா இதுக்கு மண்ணுச் சூடுதான் கணக்கு. முட்டைக்குள்ள ஆணா பொண்ணான்னு அதுதான் முடிவு பண்ணும். முப்பது டிகிரிக்குள்ள இருந்தா ஆம்பளை. ரெண்டு கூடுச்சுன்னா எல்லாம் பொட்டை. அதுக்கும் மேல போனா முட்டையோட அவிஞ்சிரும்."

அவள் நின்ற இடத்திலிருந்து பத்து எட்டு தூரத்தில் அந்த முட்டைகள் இருந்தன. சொல்லிவிடலாம் என்று அவள் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அவள் ஒரு தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"கூடு எதுவும் கண்டா தொட்டுராத. எனக்கு ஒரு போன் போடு, என்ன?"

மரம் போன அன்று சாயங்காலம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக்குள் போனேன். மணி அடித்தது. அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அவள் திருப்பிக் கூப்பிட்டபோது போன் அம்மா கையில் இருந்தது.

"யாரு? ஆராய்ச்சியா? எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி, வையி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "லோன் குடுக்கவளுகளுக்கு நம்ம நம்பர எவன்தான் குடுக்கானோ."

மூன்றாம் நாள் தூக்குவாளியோடு போனேன். வெட்டுப்பட்ட இடமெல்லாம் கரித்துண்டு சிதறிக் கிடந்தது. மண்ணை விரலால் விலக்கினேன். முட்டை தெரிந்ததும், அதை அசைக்காமல், ஒரு கரித்துண்டால் அதன் மேல்பக்கம் ஒரு கோடு போட்டேன். அடைக்கு வைக்கும்போது அம்மா கோழிமுட்டைகளில் அப்படித்தான் கோடு போடுவாள். ஏன் போட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. முட்டை என்றால் கோடு போடவேண்டும், அவ்வளவுதான். கோடு மேலே தெரியும்படியே எடுத்து, கோடு மேலே தெரியும்படியே வாளி மண்ணில் வைத்து மூடினேன்.

எங்கே வைப்பது? கொட்டகைத் தகரம் தீயாகக் காய்ந்தது. கோழிக்கு அடியில் வைக்கலாமா என்று யோசித்தேன். கோழி முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும்; பொத்திப் பொத்திச் சூடாக்கிவிடும். எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் கொட்டியிருந்த ஆற்றுமணல்.

ஆனால் வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் என் அம்மா சண்முகசுந்தரிக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆமை முற்றம் வரை வந்துவிட்டது. அம்மா அலறி, முறத்தில் அள்ளிப்போய் ஓடையில் விட்டுவிட்டு, வீடு முழுக்க மஞ்சள்தண்ணீர் தெளித்தாள். அதோடு விடவில்லை. பாம்பு பூரான் வீட்டுக்குள் வந்தால் கோமதியம்மன் கோவிலில் அதன் உருவம் போட்ட தகடு வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். கடையில் பாம்புத் தகடு இருந்தது, தேள் தகடு இருந்தது, ஆமைத் தகடு இல்லை. அம்மா அரைமணி நேரம் கடைக்காரரோடு மல்லுக்கட்டிவிட்டுத் தேள் தகட்டை வாங்கிப் போட்டாள். "அம்மனுக்குத் தெரியும், நான் ஆமையச் சொல்லுதேன்னு" என்றாள்.

இந்த முறை சங்கதி இன்னும் பெரிது. அக்கா யோகலட்சுமி ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

அப்படியிருந்தும் வைத்தேன். எல்லாரும் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பானையை நகர்த்தி, மணலைக் குடைந்து, கோடு மேலே இருக்க நான்கையும் வரிசையாக வைத்து மூடினேன். பானை நேராக மேலே உட்காராதபடி ஒரு சாண் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. ஆடு மேய்க்கும்போது யாராவது பானையை நகர்த்தியிருப்பார்களோ என்று இருக்கும். வீட்டில் இருந்தால் அடிக்கடி தண்ணீர் மொள்ளப் போவேன். மணல் காயவும் கூடாது, சகதியாகவும் கூடாது. ஈரத்தை விரலால் குத்திப் பார்ப்பேன்.

"இவளுக்கு என்னமும் நீரிழிவு வந்துட்டா?" என்றாள் அம்மா. "ஒட்டகம் மாதிரில்லா குடிக்கா."

சித்திரையில் வெயில் ஏறியது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. பக்கத்து வீடுகளில் தறிச்சத்தம் நின்றால் உடனே தெருவே வாசலுக்கு வந்துவிடும். வந்தவர்கள் நிற்கவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு நடப்பார்கள். மயில்கள் அலகைத் திறந்தபடி வேலியோரம் நின்றன. காட்டில் ஒரு ஆமையைக்கூட நான் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். "உள்ள ஒரு அடுப்பு, வெளிய ஒரு அடுப்பு" என்பாள். கடைசியில் பானைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அதுதான் அவள் இடம் என்று ஆகிவிட்டது. ஒரு மத்தியானம், வீங்கிய பாதத்தில் வைத்துக்கொள்ள ஈர மணலைக் கைநிறைய அள்ளியவள், கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி கோமு. இங்கன வா."

போனேன்.

"என்னது இது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"கோழிமுட்டை இவ்வளவு உருண்டையாவா இருக்கும்? வாயத் தொறந்து சொல்லு, மூதி."

அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கம்பி, முப்பது டிகிரி. அவள் கை தானாக வயிற்றின்மேல் போயிற்று.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க? நான் ராத்திரி பகலா இங்கனதான படுத்துக் கிடக்கேன்? நாளைக்கே எடுத்துரு."

"எடுத்தா அவிஞ்சிரும்க்கா."

அள்ளிய மணலை அவள் திரும்ப முட்டையின் மேலேயே தூவினாள். "சூடு கூடுனா பொட்டையா?" என்றாள்.

"ஆமா."

"அப்பம் நம்ம அம்மா மூணும் பொட்டையா பெறணும்னு எங்கன போய் வெயில் காய்ஞ்சாளோ." நடுவில் ஒரு அக்கா சிவகிரியில் கட்டிக்கொடுத்து இருக்கிறாள். யோகலட்சுமி சிரித்தாள். சிரிக்கும்போது வயிறு குலுங்கியது. "எங்க மாமியார் கேட்டா நானும் சொல்லிருவேன். எங்க வீட்ல வெயில் அதிகம் அத்தைன்னு."

மறுநாள் எடுத்தாயா என்று அவள் கேட்கவில்லை. நான் ஆட்டோடு திரும்பி வந்தபோது மணல் ஈரமாக இருந்தது. அவளே தெளித்திருந்தாள்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். அன்று காலையில் அப்பா அக்காவை மாதாந்திரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். பதினோரு மணிக்கு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் டிரைவர் கபீர். பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி என் அத்தான் பாண்டியராஜ்.

"வாங்க மாப்ளை! இதென்னது?" என்றாள் அம்மா.

"ஃபிரிட்ஜ் அத்தை. யோகா போன்ல வெக்கை வெக்கைன்னு அழுதா. ராயகிரில இருந்துட்டு நான் மட்டும் என்ன செய்ய?"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தெருப்பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கபீர் வீட்டுக்குள் நுழைந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"பிளக்கு எங்கனக்கா இருக்கு?"

ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பானைக்கு மேலே.

"அம்மா" என்றேன். அம்மா காதில் விழவில்லை. கபீர் பானையைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு வந்தார். அம்மா சுளகை எடுத்து மணலை வாரத் தொடங்கினாள். இரண்டாவது வாரலில் முட்டைகள் வெளியே வந்தன.

"ஏட்டி! அடைமுட்டையில நாலு குறையுதேன்னு நான் கீரிப்பிள்ளையப் போட்டு வைதுக்கிட்டு இருக்கேன். இங்கனல்லா இருக்கு!" ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பாருங்க மாப்ளை, நான் போட்ட கரிக்கோடு. கள்ளி, ஒளிச்சு வச்சு ஆஃபாயில் போட்டுத் திங்கப் பாத்திருக்கா."

கரிக்கோடு போட்ட முட்டை என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் கோழிமுட்டைதான்.

"கொழுந்தியாளுக்கு ஃபிரிட்ஜ் வரும்னு முன்னாலயே தெரிஞ்சிருக்கு அத்தை. முட்டையக் கூலா வச்சிருக்கா" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தி, கதவைத் திறந்து, முட்டை வைக்கிற தட்டைக் காட்டினார். தன் கையாலேயே நான்கையும் எடுத்து நான்கு குழிகளில் வைத்தார். இரண்டில் கோடு பக்கவாட்டில் போய்விட்டது. இரண்டில் கோடே தெரியவில்லை.

கபீர் கிளம்பும்போது, "மூணு மணி நேரத்துக்கு சுவிட்சப் போட்டுராதீங்க அண்ணாச்சி. வண்டில குலுங்கி வந்திருக்கு, கேஸ் அடங்கணும்" என்றார்.

மணி பதினொன்று நாற்பது. இரண்டே முக்காலுக்கு அது குளிரத் தொடங்கும். மண்ணுச் சூட்டுக்குத் தப்பியதெல்லாம் அங்கே விறைத்துப்போகும். எல்லாரும் போகட்டும், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அத்தான் ஃபிரிட்ஜுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வாசலில் அக்காவைக் காணோம்.

"அம்மா..."

"என்னட்டி அம்மா அம்மான்னுட்டு. மாப்ளைக்கு ஒரு ஆம்லெட்டாவது வைக்கண்டாமா? வெங்காயத்த அரி."

நான் வெங்காயம் அரிந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. வாயைத் திறக்க முடியாமல், அந்த ஆம்லெட்டுக்கு நானே உட்கார்ந்து பொடிப்பொடியாக வெங்காயம் அரிந்தேன். அம்மா தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கிண்ண விளிம்பில் தட்டினாள். உடையவில்லை. "என்ன இது, கல்லு மாதிரில்லா இருக்கு" என்று கரண்டிக் காம்பால் ஓங்கித் தட்டினாள்.

கிண்ணத்தில் விழுந்தது மஞ்சள்கரு மட்டும் இல்லை. நெல்லிக்காய் அளவு, மடங்கி, மஞ்சள்கருவோடு ஒட்டியபடி ஒரு ஆமை. அதன் முன்கால் ஒன்று விரிந்து, ஒருமுறை மடங்கியது. அப்புறம் மடங்கவில்லை.

அம்மா கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். "கோமதித் தாயே! பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல..." என்று தலையில் கை வைத்தவள், அடுத்த நொடி எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து முட்டைத்தட்டை உருவினாள். "தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் எறிஞ்சாத்தான் ஆச்சு."

"எறியாத!"

அது என் குரல் என்று எனக்கே உடனே தெரியவில்லை. அத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான்தான் கொண்டாந்தேன். ஒண்ணரை மாசமா இங்கனதான் இருக்கு. கோடு நான்தான் போட்டேன்."

"ஒண்ணரை மாசமாவா?" அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "அதான் செம்மறிக்குட்டி செத்துச்சு. அதான் உங்கப்பாவுக்கு நாலு நாளா தறி ஓடல. அதான் நான் சறுக்கி விழுந்தேன். வீட்டக் கெடுக்கதுக்குன்னே வந்து பிறந்திருக்கியே." கை ஓங்கி என் முதுகில் விழுந்தது. தட்டு அவள் இன்னொரு கையில் ஆடியது. எனக்கு முதுகு உறைக்கவில்லை, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்காவும் அப்பாவும் வந்தார்கள். அக்கா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பானை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, மிச்ச மணலின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யோகா, கீழ வையி அத! ஆமை முட்டைட்டி அது!"

"தெரியும்."

"தெரியுமா?"

"இத்தன நாளா நான்தான அதுக்குப் பக்கத்துல கிடக்கேன். இப்பம்தான் டாக்டரம்மா பாத்துட்டு அனுப்புதாங்க. பிள்ளை நல்லாருக்கு, துடிப்பு நல்லாருக்குன்னாங்க. யப்பாட்ட வேணா கேளு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பிள்ளத்தாச்சி கேட்டதக் குடுக்கணும்னு சொல்லுவேல்லா? ஒவ்வொருத்தி மாங்கா கேப்பா, சாம்பல் கேப்பா. எனக்கு இந்த மூணும் வேணும்."

அம்மா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டதக் குடுத்துரு சண்முகம்" என்று மட்டும் சொன்னார்.

"போனை எடு கோமு" என்றாள் அக்கா.

நம்பர் எனக்கு மனப்பாடம். இந்த முறை வாசலுக்குப் போகவில்லை, கொட்டகைக்கும் போகவில்லை. எல்லார் முன்னாலும் நின்றேன். மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஹலோ? ...ஹலோ, இந்த நம்பர்லருந்து மிஸ்டு கால் குடுக்கது நீங்கதானா?"

"அக்கா. நான் ஆடு மேய்க்கவ. அந்த உடைமரத்துக்குக் கீழ நாலு முட்டை இருந்துச்சு. மரத்த வெட்டிட்டாங்க. நாலையும் நான் எடுத்துட்டேன். இப்பம் மூணுதான் இருக்கு."

ஒரே மூச்சில் இவ்வளவையும் நான் வெளியாள் யாரிடமும் பேசியதில்லை.

சுமதி ஒன்றரை மணி நேரத்தில் வந்தாள். முதலில் என்னைத் திட்டினாள். "தொடாதன்னு சொன்னேன்லா? வீட்ல வச்சிருக்கதே குத்தம். ஃபாரஸ்ட்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் நான் எதுவும் செய்யணும், தெரியுமா?" அப்புறம் முட்டைகளைக் கையில் எடுக்காமல் தரையோடு குனிந்து பார்த்தாள். "பக்கம் மாறுனா உள்ள குஞ்சு செத்துரும். எடுக்கும்போது எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் கோட்டைக் காட்டினேன். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றையும் கோடு மேலே வரும்படி நிதானமாகத் திருப்பி வைத்தாள். மிச்ச மணலில் கம்பியைக் குத்தினாள். அத்தான்கூடக் குனிந்து பார்த்தார். இருபத்தொன்பது புள்ளி நான்கு.

"வெளிய மண்ணு முப்பத்தெட்டு காட்டுது" என்றாள் சுமதி, யாரிடம் என்றில்லாமல்.

அந்த மணலையே ஒரு பெட்டியில் அள்ளி, மூன்றையும் புதைத்து எடுத்துப் போனாள். அவள் தெருமுனை திரும்பும் முன்பே அம்மா மஞ்சள்தண்ணீரைக் கரைத்துவிட்டாள். வீடு முழுக்கத் தெளித்து, என் தலையிலும் ஊற்றிவிட்டு, கோவிலுக்குப் போனாள். இருட்டும்போது வெறுங்கையோடு வந்தாள். "அந்தக் கடைக்காரன் இன்னும் ஆமைத் தகடு செய்யல" என்றாள். தேள் தகடு வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை. உடைந்த முட்டையை நான் கொல்லையில், பானையை எடுத்து வைத்த இடத்துக்குக் கீழே புதைத்திருந்தேன்.

வைகாசிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனி பத்தாம் தேதி போன் அடித்தது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் ஓடிப்போய், அம்மாவுக்கு முன்னால் எடுத்தேன்.

"ரெண்டு வந்திருக்கு கோமதி" என்றாள் சுமதி. "ஒண்ணு உள்ளயே கெட்டுப்போச்சு."

அக்கா குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள். "ஆணா பொண்ணான்னு கேளுட்டி."

கேட்டேன்.

"அதெல்லாம் இப்பம் தெரியாது. அஞ்சாறு வருசம் ஆகும். நல்லா இருந்தா." பெட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "பெர்மிஷன் வந்ததும் கொண்டுவந்து விடணும். ஆனா எங்கன விடன்னு தெரியல. நான் கம்பி குத்துன இடம் எல்லாமே கொதிக்கு. நீதான் தினமும் நடக்க. நீயே ஒரு இடம் பாத்துச் சொல்லு."

அன்றிலிருந்து ஆடுகளை ஒரே இடத்தில் மேய விடுவதில்லை. தினமும் ஒரு திசை. ஓடைக்கரை பார்த்தாயிற்று. பாறைக்குப் பின்னால் பார்த்தாயிற்று. கிழக்கே சுடுகாட்டு வேலியோரம் இரண்டு உடைமரங்கள் இன்னும் வெட்டாமல் நிற்கின்றன. நேற்று மத்தியானம் ஒரு மணிக்கு அங்கே தரையில் கை வைத்தேன். இருபத்துமூன்று வரை எண்ண முடிந்தது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கவேண்டும்.